வான்கோழிக்கு வைத்த பெயர்

பிள்ளை பெற்ற நாற்பதாம் நாள் காலையில், எரிகிற மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்தபடி லூயிசா பங்குக் கோயிலின் வாசற்படியில் முழங்காலில் நின்றாள். நாற்பது நாளும் பின்னறை இருட்டிலேயே இருந்த கண்களுக்கு சாந்தோம் வெயில் கூசியது. சுவாமியார் தன் தோளிலிருந்து தொங்கிய வெள்ளைப் பட்டையின் நுனியை அவள் கையில் கொடுத்து, லத்தீனில் ஜெபம் சொல்லிக்கொண்டே அவளை உள்ளே அழைத்துப் போனார்.

அந்த ஆசீர்வாதம் ஆகும்வரை பிள்ளை பெற்றவள் கோயில் வாசலைத் தாண்டுவதில்லை. அதனால்தான் தன் மகனின் ஞானஸ்நானத்தை அவள் பார்க்கவில்லை. அந்தத் தெருவில் எந்தத் தாயும் பார்த்ததில்லை. எட்டாம் நாள் ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சுவாமியார் பெயரைக் கேட்பார், ஞானத்தகப்பன் சொல்வார். நாக்கில் உப்பு வைத்து, தலையில் தண்ணீர் ஊற்றி, திரும்பக் கொண்டுவந்து தாயின் பக்கத்தில் படுக்கவைப்பார்கள்.

லூயிசா சொல்லி அனுப்பிய பெயர் லியோனார்ட். அவளுடைய அப்பாவின் பெயர். மயிலாப்பூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர். அவள் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது ஒரு காலைப் பூசைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டே சரிந்து விழுந்து போய்ச் சேர்ந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள்; அவளுக்கு உடன்பிறந்தவர்களும் இல்லை. அவரைப் பற்றி அவளோடு பேச இந்த உலகத்தில் யாரும் மிஞ்சவில்லை. வயிற்றில் இருந்தவனுக்கு அந்தப் பெயரை வைத்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

ஆசீர்வாதம் முடிந்ததும் சுவாமியார் சிரித்த முகத்தோடு கேட்டார்:

"வில்லியம் எப்படி இருக்கிறான்?"

வில்லியம் அவள் கணவன் ஆம்ப்ரோஸின் அண்ணன். பிள்ளைக்கு ஞானத்தகப்பன். நாற்பது வயதுக்காரரை இவர் இன்னமும் 'இருக்கிறான்' என்கிறாரே என்று நினைத்துக்கொண்டு லூயிசா சொன்னாள்:

"நல்லா இருக்கார் சாமி. துறைமுகத்துல இப்ப பகல் வேலைக்கு மாத்திட்டாங்க."

சுவாமியார் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "நல்லது, நல்லது. நேரத்துக்குப் பால் கொடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வயதாகிவிட்டது, பாவம் என்று எண்ணிக்கொண்டே அவள் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு சீதா வந்து நின்றாள். சீதாவின் கணவர் மாணிக்கவாசகத்துக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை. தென்பக்கத்துக்காரர்கள். தெருவிலேயே லூயிசாவிடம் மனம்விட்டுப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

"அக்கா, கிளம்புங்க. பொம்மைப் படம் போட்டிருக்கான், பிள்ளைகளுக்குப் பாதி டிக்கெட்டு. வெள்ளைக்காரன் படம்தான். கோழியும் பன்னியும் பேசுதாம். மவுண்ட் ரோட்டுல ஓடு ஓடுன்னு ஓடி, இப்ப நம்ம பக்கம் வந்திருக்கு. நாற்பது நாளா சுவத்தையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கீங்கள்லா."

லூயிசாவுக்கு ஆசையாக இருந்தது. இன்னும் பத்து நாளில் விபூதிப் புதன். விரதமிருக்கும் தவசு காலம் வந்துவிட்டால் அவர்கள் வீட்டில் சினிமாப் பேச்சே கிடையாது. ஆனால் அடுக்களையிலிருந்து நோரா ஈரக் கையோடு ஓடிவந்தாள். ஆம்ப்ரோஸின் தங்கை, பத்தொன்பது வயது, பிள்ளைக்கு ஞானத்தாய்.

"வேணாம் அண்ணி. கூட்டமா இருக்கும்."

"அதனால என்ன?"

"மூட்டைப்பூச்சி. தம்பியைக் கடிச்சு வச்சிடும்."

"மடியில வச்சுக்கறேன்."

"அது நல்ல படமே இல்லையாம். பாதிப் பேர் எழுந்து வந்துட்டாங்களாம்."

"எம் பெரியவன் ஏற்கெனவே ரெண்டு தடவை பார்த்தாச்சு" என்றாள் சீதா. "இந்தப் புள்ள என்னத்துக்கு இப்படிப் பதறுது?"

நோரா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் தானும் வருவதாகக் கிளம்பினாள். கொட்டகையில் லூயிசாவுக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்து, பிள்ளையை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். விளக்கு அணைந்தபோது அவள் உதடு அசைவதை லூயிசா பார்த்தாள். மாதாவுக்கான அருள் நிறைந்த மந்திரம் சொல்லுகிறாள் என்று தெரிந்தது. ஒரு பொம்மைப் படத்துக்கு எதற்கு ஜெபம்?

திரையில் ஒரு பண்ணை விடிந்தது. இத்தனை நிறத்தை லூயிசா திரையில் கண்டதில்லை. வைக்கோல் வண்டி, சிவப்புக் கூரை, பால் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்ட பன்றிக்குட்டி. வேலி ஓரமாகக் கோழிக்குஞ்சுகள் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு கல்பலகை வைத்திருந்தன. அப்போது அந்தப் பக்கமிருந்து ஒரு வான்கோழி வந்தது. முதலில் அதன் முதுகுதான் தெரிந்தது. இரண்டு இறக்கைகளையும் பின்னால் கோத்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் கழுத்தை முன்னால் நீட்டி, பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல் உள்ளே இழுத்துக்கொண்டு நடந்தது. மூக்கின் நுனியில் கண்ணாடி.

லூயிசா சிரித்துவிட்டாள். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். நாற்பது நாளாக, அதற்கு முன்னும் பல மாதங்களாக, அப்படிச் சிரித்ததில்லை.

வைக்கோல் வண்டியின் மேலிருந்து ஒரு குட்டிக் குஞ்சு கூப்பிட்டது:

"லியோனார்...ட்!"

வான்கோழி திடுக்கிட்டுத் திரும்பியது. கால் இடறித் தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தது. கண்ணாடி மட்டும் மிதந்தது.

கொட்டகை அதிர்ந்தது. பிள்ளைகள் பெஞ்சின்மேல் ஏறி நின்று, "லியோனார்...ட்! லியோனார்...ட்!" என்று திரையோடு சேர்ந்து கத்தினார்கள். பல தடவை பார்த்த பிள்ளைகள் போலிருக்கிறது, எங்கே கத்த வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். லூயிசாவின் சிரிப்பு பாதியில் நின்றது. பின் வரிசையில் ஒரு ஆண் குரல் கும்மாளமாகச் சொன்னது:

"அச்சு அசலு நம்ம எட்மாஸ்டரு! தோ பார்றா, அதே நடை! பெரம்பு ஒண்ணுதான் இல்ல!"

அவள் திரும்பினாள். டிராம் கண்டக்டர் ரகுபதி. அப்பாவிடம் படித்தவர். கையில் வேர்க்கடலைப் பொட்டலம். அவளைக் கண்டதும் வாயில் போட்ட கடலையை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டார். அவரைச் சுற்றி இருந்தவர்களில் நாலைந்து பேர் அவளுக்குத் தெரிந்த முகங்கள். ஒருவரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அப்படியானால் இது இன்றைக்கு வந்த சிரிப்பு இல்லை. வாரக்கணக்காக ஊரில் உலவுகிற சிரிப்பு. அவள் பின்னறையில் படுத்திருந்தபோது, இறந்துபோன அப்பா தெருத்தெருவாக வான்கோழியாகிக்கொண்டிருந்திருக்கிறார்.

லூயிசா எழுந்தாள். யாருடைய கால்களையோ மிதித்துக்கொண்டு வெளியே வந்தாள். சீதா ஒன்றும் புரியாமல் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தது மட்டும் தெரிந்தது.

நோரா பிள்ளையோடு பின்னாலேயே ஓடிவந்து ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டாள். ரிக்‌ஷாக்காரர் இழுக்க ஆரம்பித்தார். மாட வீதித் திருப்பத்தில் லூயிசா நோராவின் பக்கம் திரும்பினாள். பிறகு பேச்சு ஒரேயடியாக வந்தது.

"தெரிஞ்சிருக்கு. உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. நாளைக்கு இவன் பள்ளிக்கூடம் போவான். வாசல்ல நின்னு கூப்பிடுவானுங்க, இப்ப கூப்பிட்டானுங்களே அதே மாதிரி. இவன் திரும்பிப் பார்ப்பான். ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பான். அப்பா பேரைக் கொண்டுபோய் இவன் தலையில..."

நோரா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணிலும் தண்ணீர். ஆறுதல் சொல்கிறவளின் குரலில் மெதுவாகச் சொன்னாள்:

"அழாதீங்க அண்ணி. அப்படி ஒண்ணும் ஆகாது. நம்ம தம்பிக்கு அந்தப் பேரே இல்ல."

ரிக்‌ஷா மணி கிணுகிணுத்தது. எதிரே ஒரு டிராம் போயிற்று.

"என்ன சொன்ன?"

"பெரியண்ணன் கோயில்ல வேற பேர் சொல்லிட்டாரு. புத்தகத்துல வில்லியம்னுதான் எழுதியிருக்கு."

அடி விழுந்த இடம் முதலில் மரத்துப்போகும், வலி பிறகுதான் வரும். லூயிசா தன் மடிக்கு வந்திருந்த பிள்ளையைப் பார்த்தாள். அதே மூக்கு, அதே பொக்கை வாய். ஆனாலும் யாரோ வேறு பிள்ளையை மாற்றிக் கையில் கொடுத்துவிட்டதுபோல இருந்தது. அப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வரத் தொடங்கியது. 'வில்லியம் எப்படி இருக்கிறான்?' அதற்குத் தான் சொன்ன பதில். சுவாமியாரின் சிரிப்பு. அப்புறம் வீடு. காலையில் தொட்டிலுக்குள் குனிகிற ஆம்ப்ரோஸ், "தம்பி எழுந்தாச்சா?" என்பான். நோரா, "தம்பிக்குப் பசிக்குது அண்ணி." அவள் மாமா என்று கூப்பிடுகிற வில்லியம் ஞாயிறுதோறும் வந்து கட்டைவிரலைப் பிள்ளையின் நெற்றியில் வைத்துச் சிலுவை போடுவார், "ராசா, ராசா" என்பார். நாற்பது நாளில் அந்த வீட்டில் லியோனார்ட் என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். அவள் கூப்பிடும்போதெல்லாம் மற்றவர்கள் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள், பாத்திரத்தை நகர்த்திக்கொண்டிருந்தார்கள், ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஜெபமாலை நேரத்துக்கு வில்லியம் வந்தார். ஆம்ப்ரோஸ் சொல்லி அனுப்பியிருந்தான். மழையில்லாத மாசி மாதத்திலும் கையில் குடை. கூடத்தில் மாதா படத்துக்குக் கீழே நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"உட்காருங்க மாமா" என்றாள் லூயிசா. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"நிக்கறேம்மா."

"எதுக்கு அப்படிச் செஞ்சீங்க?"

வில்லியம் குடைக் கைப்பிடியைத் திருகினார். "ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் ஆபீஸ்ல எல்லாரும் இழுத்துக்கிட்டுப் போனாங்க, அந்தப் படத்துக்கு. நான் சிரிச்சேன். மறைக்க மாட்டேன். கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சேன். திடீர்னு, நாளைக்குத்தானே நான் போய் இந்தப் பேரைச் சொல்லணும்னு ஞாபகம் வந்துச்சு. எழுந்து வெளியே வந்து ஒரு சோடா வாங்கிக் குடிச்சேன். படத்தை முழுசாப் பார்க்கல."

"சரி. மறுநாள்?"

"மறுநாள் நீ சொன்ன பேரைத்தான் சொல்லணும்னு போனேன். மாதா சாட்சியா. சாமி கேட்டார், 'பிள்ளைக்கு என்ன பேர்?'னு. நாக்கு நுனி வரைக்கும் வந்திருச்சு. அந்த நேரம் பார்த்து, தண்ணிச் சத்தம். சாமி கையில கிண்ணத்துல தண்ணி எடுத்தார் பாரு, அந்தச் சத்தம். எனக்கு அந்தக் கோழி தொட்டியில விழுந்த மாதிரியே கேட்டுச்சு. சிரிப்பு வந்திரும்னு பயந்துட்டேன், லூயிசா. கோயில்ல, பிள்ளையைக் கையில வச்சுக்கிட்டு. வேற ஏதாவது சொல்லியாகணும். புனிதருங்க, அர்ச்சிஷ்டவங்கன்னு எத்தனை பேர் இருக்காங்க, ஒருத்தர் பேரும் வரல. என் பேர்தான் வந்துச்சு."

ஆம்ப்ரோஸ் சுவரோரமாக நின்றிருந்தான். கெட்டவன் இல்லை. எந்தக் கடிதத்தையும் பிழையில்லாமல் தட்டச்சு செய்கிறவன், ஒரு வார்த்தையை நேருக்கு நேர் சொல்லத் தெரியாதவன்.

"அன்னிக்கே சொல்லியிருக்கணும்தான்" என்றான். "பச்சை உடம்புக்காரிக்கு அதிர்ச்சி கொடுக்கக் கூடாது, பால் வத்திடும்னு மருத்துவச்சி சொன்னா. சரி, நாற்பது நாள் ஆகட்டும்னு..."

"நாற்பது நாள் நான் அவனைக் கூப்பிட்டேன். நீங்க எல்லாரும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க." அவள் குரல் ஏறியது. "எங்க அப்பா யாருன்னு உங்களுக்கு எல்லாம் மறந்துபோச்சா? மாமா, உங்களுக்கு அவர் அஞ்சு வருஷம் எழுதச் சொல்லிக் கொடுத்தார். இந்தத் துறைமுக உத்தியோகத்துக்கு மனு எழுதிக் கொடுத்தது யாரு? அவரைப் பார்த்துச் சிரிக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

மாதா படத்துக்கு முன்னால் எண்ணெய் விளக்கு சடசடத்தது. நோரா தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தவள், தலை நிமிராமலே சொன்னாள்:

"அண்ணி, நீங்களும்தான் சிரிச்சீங்க."

"நானா?"

"பேர் சொல்றதுக்கு முன்னாடியே. அது முதுகைக் காட்டிக்கிட்டு நடந்துச்சே, அப்பவே."

லூயிசா எழுந்து பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அங்கே உட்கார்ந்து, நோரா பொய் சொல்கிறாள் என்று நிரூபிக்க அவள் எவ்வளவோ முயன்றாள். முடியவில்லை. அந்த முதுகைப் பார்த்த கணத்தில் தன் உள்ளே ஓடியது என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். 'அப்பா!' என்றுதான் ஓடியது. அப்பாவைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தில்தான் அந்தச் சிரிப்பு கிளம்பியது. அதை வெளியே யார் நம்புவார்கள்? அவளுக்கே முழுதாக நம்பிக்கை இல்லை. ஏனென்றால் அந்தச் சிரிப்பு புதிது இல்லை. அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி நீட்டி அம்மாவுக்கு நடந்து காட்டுவாள். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குவாள். ஒரு நாள் திரும்பிப் பார்த்தபோது வாசல் நிலையில் அப்பா நின்றிருந்தார். திட்டவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார். என்ன செய்வதென்று தெரியாத கைகளாக அவை ஆடின. நாலாம் நாள் மறந்துபோய், அல்லது மன்னித்து, மறுபடி பின்னால் கட்டிக்கொண்டார்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சுவாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. இது எந்தக் கட்டளைக்கு எதிரான பாவம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊர் சிரிப்பதற்கு இருபது வருஷம் முன்பே சிரித்தவள் அவள். அந்தப் பெயரை மகனுக்கு வைக்க அவ்வளவு பிடிவாதம் பிடித்தது அந்த மூன்று நாளுக்காகத்தானா? பிள்ளை பசித்து அழுதது. எழுந்து போய் எடுத்தாள். பால் வற்றவில்லை, சட்டை நனையுமளவுக்குச் சுரந்திருந்தது.

மறுநாள் காலை அவள் சுவாமியாரிடம் போனாள். அவர் ஞானஸ்நானப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். லத்தீனில் வில்லியத்தின் பெயர், சாய்ந்த எழுத்தில், மை நன்றாகக் காய்ந்திருந்தது. நடந்ததைக் கேட்டு அவர் முகம் மாறியது.

"எனக்குத் தெரியாதம்மா. பெரியப்பன் பேரை ஆசையாக வைக்கிறார்கள் என்று நினைத்தேன். இதை மாற்ற முடியாது. ஒருவனுக்கு ஒரே ஞானஸ்நானம்தான். வளர்ந்த பிறகு கொடுக்கும் உறுதிபூசுதலின்போது இன்னொரு பெயர் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது. வீட்டில் எந்தப் பெயரால் கூப்பிட்டாலும் நான் கேட்கப் போவதில்லை."

வெளியே வந்து கடற்காற்றில் நின்றபோது அவளுக்கு ஒன்று தெளிந்தது. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவளை அவ்வளவாக வருத்தவில்லை. அவளைத் தவிர இன்னொரு வாய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். கூசாமல், ஜன்னலைச் சாத்தாமல் சொல்ல வேண்டும். அப்படி ஒருவரும் சொல்லவில்லை என்றால் அவளும் இன்னும் கொஞ்ச நாளில் 'தம்பி' என்றே கூப்பிடப் பழகிவிடுவாள். அப்பா அத்தோடு தீர்ந்துபோவார்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் எல்லோரும் மெதுவாகவே நடந்தார்கள். சனிக்கிழமை வில்லியம் வந்து வாசலிலேயே நின்றபோது லூயிசா சொன்னாள்:

"நாளைக்குக் கடைசி ஞாயிறு. புதன்கிழமை தவசு ஆரம்பம். மிச்சப் படத்தைப் பார்க்கணும், மாமா. நீங்களும் முழுசாப் பார்க்கலையே."

வில்லியம் திகைத்துப்போனார். "மறுபடியுமா? எதுக்கும்மா?"

"அந்த வான்கோழி கடைசியில என்னாகுதுன்னு தெரியணும்."

ஆம்ப்ரோஸ் வரவில்லை, வேலை இருக்கிறதென்றான். நோரா வந்தாள். வில்லியம் குடையோடு வந்து, லூயிசாவுக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். பெண்டாட்டியோடு வந்த ரகுபதி இரண்டு வரிசை முன்னால் இருந்தார்.

பண்ணை விடிந்தது. வான்கோழி முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து வந்தது. இந்தத் தடவை லூயிசா பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள். எங்கோ கடல் தாண்டி இதை வரைந்தவனுக்கும் இப்படி ஒரு வாத்தியார் இருந்திருக்க வேண்டும். அவனும் ஏதோ கதவுக்குப் பின்னால் நடந்து காட்டியிருக்க வேண்டும். "லியோனார்...ட்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். பக்கத்தில் வில்லியம் தலையைக் குனிந்துகொண்டார்.

பாதிக்கு மேல் கதையில் மழை பிடித்துக்கொண்டது. பண்ணைக்குள் ஆற்றுவெள்ளம் புகுந்தது. குதிரை நீந்தி வாத்துகளைக் காப்பாற்றியது, நாய் கயிற்றைக் கடித்து இழுத்தது. வான்கோழி ஒன்றும் செய்யவில்லை. அதற்கு நீந்தத் தெரியாது. கூரை உச்சியில் நனைந்துபோன சாக்குமூட்டைபோல் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வருகைப் பதிவேட்டைத் திறந்தது. இருட்டில், மழையில், ஒவ்வொரு குஞ்சின் பெயராகக் கூப்பிட்டது. ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு கீச்சுக்குரல் பதில் சொன்னது. ஒரு பெயருக்கு மட்டும் பதில் இல்லை. வைக்கோல் வண்டியிலிருந்து அதைக் கேலியாகக் கூப்பிட்டதே, அந்தக் குட்டிக்குஞ்சின் பெயர். வான்கோழி மறுபடி கூப்பிட்டது. மறுபடியும். கழுத்தை நீட்டி, இழுத்து, நீட்டி, இழுத்து, தொண்டை கம்மும்வரை. கொட்டகையில் கடலை உடைக்கிற சத்தம்கூட நின்றுபோயிருந்தது.

மிதந்து வந்த ஒரு பால் வாளிக்குள்ளிருந்து, மிக மெல்லியதாக, பதில் வந்தது.

வான்கோழி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது. பிறகு மிகக் கண்டிப்பாக அந்தப் பெயருக்கு எதிரே, 'தாமதம்' என்று குறித்தது.

லூயிசா சிரித்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிய, சத்தமாகச் சிரித்தாள். அப்பா அதைத்தான் செய்திருப்பார். வில்லியம் திடுக்கிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய கண்ணும் நனைந்திருந்தது. கைக்குட்டையை எடுக்கக் கையை விட்டவர் குடையைக் கீழே போட்டுவிட்டார்.

விளக்குகள் எரிந்தன. நோராவின் மடியில் தூங்கிய பிள்ளையை லூயிசா எடுத்து, வில்லியத்தின் கையில் கொடுத்தாள். கூட்டத்தோடு நகர்ந்து வாசலுக்கு வந்தார்கள். வெயில் முகத்தில் அடித்தது. பிள்ளைகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நடந்து, "லியோனார்...ட்!" என்று கூவி ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

"இன்னா வில்லியம்!" என்று ரகுபதி வழிமறித்தார். லூயிசாவைக் கண்டு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். "வணக்கம்மா. அன்னிக்கி நான் ஏதோ பேசிட்டேன், மன்சுல வச்சிக்காதே. உங்க நைனா கையால வாங்காத அடி இந்தக் கைல இல்லம்மா." பிறகு பிள்ளையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டார். "கொயந்த நல்லா கீது. தம்பி புள்ளையா வில்லியம்? பேரு இன்னா வச்சிக்கீறீங்க?"

வில்லியத்தின் வாய் திறந்தது. திறந்தபடி நின்றது. அவரைச் சுற்றிப் பழைய மாணவர்கள் நாலைந்து பேர், தெருப் பிள்ளைகள், பங்குக் குடும்பங்கள். லூயிசா எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லாமல் போனால் அவரைக் குற்றம் சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாள்.

"லியோனார்ட்" என்றார் வில்லியம்.

ரகுபதி பக்கென்று சிரித்தார். "யோவ், தமாசு பண்ணாதே."

"தமாசு இல்ல. லியோனார்ட்." இரண்டாம் தடவை தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான், இன்னொருவன் பொத்தவில்லை. வில்லியத்தின் இடது காது, அப்பா எப்போதும் பிடித்துத் திருகுகிற காது, செக்கச்செவேலென்று சிவந்திருந்தது. அவர் பிள்ளையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

லூயிசா பிள்ளையை வாங்கக் கை நீட்டவில்லை. அவரே தூக்கிக்கொண்டு வரட்டும் என்று ரிக்‌ஷா நிற்கிற இடத்தை நோக்கி முன்னால் நடந்தாள். கையில் சுமை இல்லை. கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன. பின்னால் நோரா களுக்கென்று சிரிப்பது கேட்டது. லூயிசா கைகளை எடுக்கவில்லை.